கை நீட்டக் கூடாத தூரம்

அத்தியாயம் பன்னிரண்டு

"துறைமுகத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டன்" என்று ஜெமீல் ஜே.பி. தன் மனைவி ஸுல்பிகாவுக்குப் போன கிழமை கொடுத்த வாக்கு இன்னும் உடையவில்லை. அவர் துறைமுகத்துப் பக்கம் போகவில்லையே. கிண்ணியாக் கரையில் மச்சானின் போட்டில் ஏறிக் கொட்டியாரக் குடாவுக்குள்தான் போகிறார். குடாவுக்கும் துறைமுகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதருக்கு அகில இலங்கைச் சமாதான நீதவான் பட்டம் கொடுத்திருப்பார்களா?

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம்.

ஜெமீலுக்கு ஒரே மகன், ஸப்வான். நேவியில் சேர்ந்து மூன்று வருஷம், இருப்பது துறைமுகத்து முகாமில். அங்கே விசேட பிரிவொன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பெயர் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து மண் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான், தண்ணீருக்கு அடியில் மூச்சடக்கிக் கயிறு முடிகிறான். நித்திரையே இல்லாத இரவுகளுக்குப் பிறகு டொக்டர் ஒருவர் முன்னால் குந்தவைத்து, "கடைசியாக எப்போது அழுதாய்?" என்று கேட்டாராம்.

"பிறந்தண்டு எண்டு என்ட மகன் சொல்லியிருப்பான்" என்று தேத்தண்ணிக் கடையில் ஜெமீல் அதற்கு விளக்கம் கொடுத்தார்.

ஒரு பஸ் நிறையப் போன பெடியன்கள் இப்போது ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அங்கே அதுதான் முறை. ஏலாதென்றால் கையைத் தூக்கலாம். யாரும் ஏச மாட்டார்கள். துவாயைப் போர்த்தி, ஈரம் துடைத்து, சூடாகத் தேத்தண்ணி தந்து, பழைய வேலைக்கே அனுப்பிவிடுவார்கள். ஏசினாலாவது ரோசத்தில் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடலாம்.

இன்றைக்கு மிச்சமிருப்பது நீளமான நீச்சல். நீந்தும்போது போட்டில் கை பட்டால் வெளியே. வெளியாளின் கையோ கயிறோ பட்டாலும் வெளியே. எந்த நாள், எந்த இடம் என்று வீட்டாருக்குச் சொன்னது தெரிய வந்தாலும் வெளியே. வாயைக் கட்ட ஏலாதவன் உடம்பைக் கட்டி என்ன பிரயோசனம் என்பது அவர்களின் கணக்கு.

ஸப்வான் உம்மாவுக்குச் சொல்லிவிட்டான். "சனிக்கிழமை குடாவுக்குள்ள நீச்சல் உம்மா. துஆச் செய்ங்க. வாப்பாக்கு மட்டும் சொல்ல வேணாம்."

ஸுல்பிகா சொல்லவில்லை. ஆனால் இஷாத் தொழுதுவிட்டு வழமையைவிட நெடுநேரம் முசல்லா விரிப்பிலேயே இருந்தாள். ஜெமீல் கேட்டார். பொய் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

ஜெமீல் இரகசியம் காக்கத் தெரியாதவரல்ல. அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கடையில் இருந்த ஒவ்வொருவரிடமும், "சனிக்கிழமை ஒரு விஷயம் இருக்கு, அது சொல்லக் கூடாத விஷயம்" என்று தனித்தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

இனி இன்றைய சனிக்கிழமைக்கு வருவோம்.

போட்டடியில் ஸெய்னுதீன் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். ஸுல்பிகாவின் தம்பி. கடலில் காய்ந்த உடம்பும் காயாத நாக்கும் உடையவன். ஜெமீல் வருவதைக் கண்டு நிமிர்ந்தான்.

"மச்சான், மீன் பிடிக்கப் போறதுக்குச் சட்டைக்கு அயன் போட்ட ஆள் இந்தக் கரையிலேயே நீங்க ஒராள்தான்."

"ஜே.பி. எங்க போனாலும் ஜே.பி.தான்."

"சரி. ஜே.பி. காலைத் தூக்கி உள்ள வைங்க."

அங்கேதான் சிக்கல். உலகத்திலுள்ள விசேட படைகள் எல்லாவற்றின் பயிற்சியையும் ஜெமீல் போனில் பார்த்து முடித்திருந்தார். யார் எவ்வளவு நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடக்க வேண்டும், எத்தனை தண்டால் எடுக்க வேண்டும் எல்லாம் விரல் நுனியில். "உடம்பு இருபது வீதம், மனசு எம்பது வீதம்" என்று நாளாந்தம் சொல்வார். அவருடைய அந்த இருபது வீதத்தைப் போட்டுக்குள் ஏற்ற, வலை காயப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து பின்னாலிருந்து தள்ள வேண்டியதாயிற்று.

அவர் இருந்ததும் அவருடைய சாமான்கள் ஏறின. ஒரு பிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்டீ, இன்னொன்றில் கோழி சூப், ஒரு பெட்டி பேரீச்சம்பழம், குடை, இரவல் வாங்கிய தூரக்கண்ணாடி.

"சூப் ஆருக்கு?"

"தூரத்தில நிண்டு பாப்பம் மச்சான். ஒருவேளை தேவைப்பட்டா..."

"தேவைப்பட்டா என்ன, கடலில ஊத்திறதா? இஞ்ச பாருங்க. கிட்டப் போக மாட்டன். எனக்கு அவன் மருமகன்."

"எனக்கு மகன்."

"அதுதான் பயமாயிருக்கு."

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்திருக்க மாட்டார்கள், ஜெமீலின் போன் அடித்தது. ஸுல்பிகா.

"இஞ்சாருங்க, எங்க நிக்கிறீங்க?"

"கடைக்குப் போற வழி."

"எஞ்சின் சத்தம் கேக்குது."

"லொறி ஒண்டு."

"லொறி தண்ணியில போகுதா? அலை அடிக்கிற சத்தமும் கேக்குது."

ஜெமீல் ஸெய்னுதீனைப் பார்த்தார். ஸெய்னுதீன் வானத்தைப் பார்த்தான்.

ஸுல்பிகாவின் குரல் தணிந்தது. அது உயர்ந்திருந்தால் ஜெமீல் சமாளித்திருப்பார். "அவன் எனக்குச் சொன்னதே குற்றம். உங்களைக் கண்டா அவங்களுக்கு அது விளங்கிரும். இவ்வளவு நாளும் பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில போயிரும். திரும்பி வாங்க. நான் கெஞ்சிக் கேக்கிறன்."

"நான் என்ன சின்னப்பிள்ளையா? எனக்குத் தெரியும்."

அவர் போனை வைத்துவிட்டார். ஸெய்னுதீன் எஞ்சினைக் குறைத்தான்.

"திருப்பவா?"

"போ."

குடா கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கச்சான் காற்று எழும்ப இன்னும் நேரமிருந்தது. தூரத்தில் சம்பூர்ப் பக்கத்துக் கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் கறுப்புப் புள்ளிகளாகத் தலைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கயிற்றில் கட்டிய செம்மஞ்சள் மிதவை. முன்னால் ஒரு நேவி போட், பின்னால் ஒன்று.

ஸெய்னுதீன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டிலை எடுத்துத் தண்ணீரில் போட்டான்.

"இரை போடேல்லையே" என்றார் ஜெமீல்.

"மீன் பட்டா இழுத்துக்கொண்டு நிக்க வேணும். பேசாம இருங்க."

ஜெமீல் தூரக்கண்ணாடியைத் தூக்கினார். அது ஒரு தலையில் வந்து நின்றது. முன்னுக்கு வருகிற கூட்டத்தில் ஒருவன், கை ஒவ்வொன்றும் இயந்திரம் மாதிரி.

"அந்தா. பார் மச்சான், என்ன வீச்சு. தண்ணிக்கு நோகாம வெட்டுறான். நான் சொன்னனான்தானே, அவன்ட தோளைப் பாத்து வளத்தனான். நான் வாங்கிக் குடுத்த முட்டை எல்லாம் அந்தத் தோளிலதான் நிக்குது."

ஜெமீல் தொடர்ந்தார். அந்தத் தோளைப் பற்றியும், பரம்பரையைப் பற்றியும், தன்னுடைய வாப்பா ஒரு காலத்தில் மூதூருக்கு நீந்திப் போனதைப் பற்றியும் சொன்னார். போன ரமழானில் சொன்னபோது அந்த வாப்பா வள்ளத்தில் போனவர். அந்தத் தலை முன்னால் போகப் போக ஜெமீலின் நெஞ்சும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு முன்னால் போயிற்று.

அவரை நெடுநேரம் பேச விட்டுவிட்டு ஸெய்னுதீன் சொன்னான்.

"மச்சான், அது வேற ஆள்."

"என்ன வேற ஆள்?"

"அது ஆரோ. உங்கட மகன் அங்க. கடைசியில, இடது பக்கம். இடது கையை அகல வீசுறான் பாருங்க. சின்னனில நான்தான் பழக்கினனான், அந்தப் பிழை என்ட பிழை."

ஜெமீல் தூரக்கண்ணாடியைத் திருப்பினார். மகன் நீந்தி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கிண்ணியாப் பாலத்திலிருந்து குதித்தான் என்று கேள்விப்பட்டு பெல்ட்டால் அடித்திருக்கிறார், அவ்வளவுதான். அடித்த கதை தேத்தண்ணிக் கடையில் பிறகு பயிற்சி கொடுத்த கதையாக மாறியது வேறு விஷயம்.

கடைசியில் வந்த தலை சரியில்லை. மூன்று வீச்சு, ஒரு நிற்பு. இரண்டு வீச்சு, ஒரு நிற்பு. அதற்கும் அடுத்த தலைக்கும் இடையில் தண்ணீர் அகன்றுகொண்டே போயிற்று.

"என்ன நடக்குது?"

ஸெய்னுதீன் போட்டின் விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். உள்ளே கண்ணாடிப் பைகள் மாதிரி மிதந்துகொண்டிருந்தன, ஒன்றிரண்டல்ல. "சொறிமீன்" என்றான். "தொட்டா நெருப்பு மாதிரி எரியும். முகத்தில பட்டிருக்கும்."

"பின்னால வந்த நேவி போட் எங்க?"

அது வலது பக்கம் தள்ளி நின்றது. அங்கே ஒருவன் கையைத் தூக்கியிருந்தான். அவனை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். துவாய் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கச்சான் எழும்பியது. முதல் வீச்சிலேயே கண்ணாடி உடைந்து, கடல் முழுக்கச் சின்னச் சின்ன அலையாயிற்று. கரைப் பக்கமிருந்து வருகிற காற்று. எஞ்சின் ஓடாத போட்டைத் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு போனது, நேரே அந்தக் கடைசித் தலையை நோக்கி.

"எஞ்சினைப் போடு" என்றார் ஜெமீல்.

"போட்டா சத்தத்துக்கு எல்லாரும் திரும்புவாங்க. இப்பிடியே விலத்திப் போகும்."

விலத்திப் போகவில்லை. ஸப்வானின் முகம் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. இடது கண் வீங்கி மூடியிருந்தது. கன்னத்திலிருந்து கழுத்துவரை சவுக்கால் அடித்தது மாதிரிச் சிவப்புக் கோடுகள். வாய் திறந்து மூடியது, தலை உள்ளே போயிற்று. மிதவை மட்டும் மேலே ஆடிக்கொண்டு நின்றது.

ஜெமீல் எழும்பினதும் போட் சரிந்ததும் குடை கடலில் விழுந்ததும் அவருக்குத் தெரியாது. கையில் ஒரு துடுப்பு இருந்தது. எப்போது எடுத்தார் என்றும் தெரியாது. அதை அந்த மிதவைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீட்டாதீங்க" என்றான் ஸெய்னுதீன். அவன் குரலும் அவனுடையதாக இல்லை. "அவன் அதைத் தொட்டா எல்லாம் முடிஞ்சுது. கொஞ்சம் பொறுங்க."

"மகன் தாழுறான்டா."

"நான் குதிக்கத் தயாராத்தான் நிக்கிறன். பொறுங்க."

தலை மேலே வந்தது. இருமினான். தண்ணீரைத் துப்பினான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் முதலில் துடுப்பைப் பார்த்தான், பிறகு அதன் மறுமுனையில் நின்ற மனிதரைப் பார்த்தான். துடுப்பின் முனை அவன் முகத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. கையை உயர்த்தினால் போதும்.

"வாப்பா" என்றான். கத்தவில்லை, வீட்டுக்குள் கதைக்கிற மாதிரிச் சொன்னான். "துடுப்ப எடுங்க."

"கண் மூடிப் போச்சே மனே. பிடி. போதும். வீட்ட போவம்."

"ஏலாட்டி நானே கையைத் தூக்குவன். நீங்க தூக்க வேணாம். எடுங்க வாப்பா."

அவன் மல்லாந்து படுத்தான். முகத்தை வானத்துக்குக் கொடுத்து, நெஞ்சு ஏறி இறங்க மூச்சு விட்டான். அலை ஒவ்வொன்றும் அவன் வாய்க்கு மேலால் போயிற்று.

மனசு எம்பது வீதம் என்று சொல்வது சுலபம். தேத்தண்ணிக் கடைக் கதிரையில் இருந்துகொண்டு ஜெமீல் அதை எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது பெற்ற பிள்ளை ஒரு முழத்தில் கிடந்து தண்ணீர் குடிக்க, கையில் துடுப்பு இருக்க, அதை நீட்டாமல் நிற்க வேண்டும். இந்தப் பயிற்சியை அவர் எந்தப் போனிலும் பார்த்ததில்லை.

துடுப்பை உள்ளே இழுத்தார். அது இரும்பு மாதிரிக் கனத்தது. போட்டின் அடியில் வைத்துவிட்டு அதன் மேலேயே குந்தினார், கை மறுபடி அதைத் தேடக் கூடாதென்று. பேரீச்சம்பழப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. உதடு ஓதிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

ஸப்வான் புரண்டான். இடது கையை அகல வீசினான். ஒன்று. நிற்பு. இன்னொன்று.

அப்போதுதான் பின்னால் வந்த நேவி போட் இவர்களைக் கண்டது.

வந்து பக்கத்தில் நின்ற வேகத்தில் ஸெய்னுதீனின் போட் ஆடியது. முன்னால் நின்ற அதிகாரி ஜெமீல் நினைத்து வைத்திருந்த மாதிரி இல்லை. வெள்ளை உடுப்பில்லை, பதக்கமில்லை. வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, காற்சட்டை போட்ட ஒரு மெல்லிய மனிதன். ஸப்வானைப் பார்த்துக் கையைக் காட்டினான், நில் என்று. பிறகு சிங்களத்தில் ஸெய்னுதீனிடம் கேட்டான்.

"இங்கே என்ன வேலை?"

"மீன் பிடிக்கிறம் சேர். காற்று தள்ளிப் போட்டுது."

அதிகாரி போட்டுக்குள் பார்த்தான். இரண்டு பிளாஸ்க், தூரக்கண்ணாடி, சிதறிக் கிடந்த பேரீச்சம்பழம், அயன் போட்ட சட்டை. எட்டித் தூண்டில் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தான். வெறும் கொக்கி மேலே வந்து வெயிலில் மின்னியது.

"இரை இல்லாமல் பிடிக்கிறது உங்கள் ஊரில் வழக்கமா?"

ஸெய்னுதீன் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு காலத்தில் முதல் தடவை.

அதிகாரி ஜெமீலின் பக்கம் திரும்பினான். "ஐயா யார்?"

பெயருக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு எழுத்தும் தொண்டைவரை வந்துவிட்டன. ஜெமீல் விழுங்கினார். "இவர்ட மச்சான் சேர். கடை வைச்சிருக்கிறன்."

"தண்ணீரில் நிற்கிறவனைத் தெரியுமா?"

மையத்து வீடுகளில்கூட அழுகைக்கு நடுவே மூலையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு மகனைப் பற்றிச் சொன்ன மனிதர். பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்காரரின் மடியில் மகனின் படத்தை வைத்துக் காட்டியவர். ஓம் என்றால் என்ன நடக்கும் என்று ஸுல்பிகா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஜெமீல் ஸப்வானைப் பார்த்தார். அறிமுகமில்லாத ஒருவனைப் பார்ப்பது மாதிரிப் பார்க்க முயன்றார். கண் நிறைந்துவிட்டதால் அது அவ்வளவாக ஏலவில்லை.

"தெரியாது சேர்" என்றார். "ஆரெண்டு தெரியாது."

அதிகாரி தலையை ஆட்டினான். அவசரப்படவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்துக் கேட்டான்.

"ஸப்வான். இந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

ஸப்வான் காலால் தண்ணீரை மிதித்துக்கொண்டு நின்றான். அலை அவனைத் தூக்கி இறக்கியது. போட்டில் குந்தியிருந்த ஜெமீல் தலையை மிகச் சிறியதாக ஆட்டினார், இல்லையென்று சொல்லு மனே, சொல்லு.

"ஓம் சேர்" என்றான் ஸப்வான். "என்ட வாப்பா."

அதிகாரி கையிலிருந்த தூண்டில் நூலை விட்டான்.

"இன்றைக்கு இங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் உம்மாட்டச் சொன்னனான் சேர். துஆச் செய்யச் சொல்லி. பிழை என்னில."

"உதவி செய்தாரா?"

"துடுப்ப நீட்டினார். நான் தொடேல்ல."

அதிகாரி அவனுடைய வீங்கிய கண்ணையும் கழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த முகத்திலிருந்து எதையும் வாசிக்க ஏலவில்லை. ஜெமீல் முயன்று பார்த்தார். ஆட்களின் முகம் பார்த்தே குணம் சொல்வேன் என்கிறவர் அவர்.

"கை தூக்கப் போகிறாயா?"

"இல்லை சேர்."

"அப்படியென்றால் நீந்து."

ஸப்வான் தகப்பனைப் பார்க்கவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டான். இடது கை அகலமாக எழும்பி விழுந்தது. பிறகு வலது. நிற்பு இல்லாமல் மூன்று, நான்கு என்று போனது.

நேவி போட்டின் எஞ்சின் உறுமியது. ஜெமீலுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"சேர். ஒரு கேள்வி சேர். அவனை வெளியில போட்டிருவீங்களா?"

அதிகாரி திரும்பிப் பார்த்தான்.

"நீங்கள்தான் அவனைத் தெரியாதென்றீர்களே ஐயா. தெரியாத ஒருவனைப் பற்றி உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?"

போட் நகரத் தொடங்கிய பிறகு அதிகாரி இன்னொன்றும் சொன்னான், காற்றுக்கு மேலால் கேட்கும்படி.

"பின்னேரம் முகாம் கேற்றடிக்கு வாருங்கள். அவனுடைய தாயையும் கூட்டிக்கொண்டு."

நேவி போட் ஸப்வானுக்குப் பின்னால் மெதுவாகப் போயிற்று. ஸெய்னுதீன் எஞ்சின் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

"மச்சான், ஸுல்பிகா ராத்தாக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

தூரக்கண்ணாடி காலடியில் கிடந்தது. ஜெமீல் அதை எடுக்கவில்லை. அந்த அகன்ற இடது கை எழும்பி விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலும் இப்போது அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.